சாரலும் வெயிலும் தாங்கும் தட்டட்டி

தென்மாவட்ட ஊரான கடையத்தில் ஒரு கட்டடத்தின் மேல்தளம், அதாவது தட்டட்டி, வருடத்துக்கு மூன்று விதமான மழையைச் சந்திக்கிறது. ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்றோடு சாரல் தொடங்கும். குற்றாலத்தில் விழும் அளவுக்கு இல்லாவிட்டாலும் இங்கேயும் அது விழும். கொட்டாது, நாள் முழுக்க நனைத்துக்கொண்டே இருக்கும், கைப்பிடிச் சுவரில் பக்கவாட்டில் அடிக்கும், இடையில் சுள்ளென்று வெயிலும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் அடைமழைதான். சித்திரையில் இடியோடு ஒரு மணி நேரம் அடித்து ஓயும் கோடை மழை தனி. இவற்றுக்கு நடுவே மாசி, பங்குனியில் காங்கிரீட் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாத வெயில்.

வேறு ஊரில் நன்றாக உழைத்த நீர்த்தடுப்புப் பொருள் இங்கேயும் அப்படியே உழைக்கும் என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். கடைத்தெருவில் புதிதாக வணிகக் கட்டடம் எழுப்புகிறவர்கள் தரை டைல்ஸைத் தேர்ந்தெடுக்க மூன்று ஊர் அலைகிறார்கள். தட்டட்டியின் மேல் என்ன விரிப்பது என்பதை மட்டும் கடைசி வாரத்தில், மிச்சமிருக்கும் பணத்தில் முடிவு செய்கிறார்கள். கட்டடத்தின் ஆயுள் அந்தக் கடைசி வார முடிவில்தான் இருக்கிறது.

வீட்டில் ஒழுகினால் ஒரு வாளியை வைத்து ஒப்பேற்றலாம். கடையில் அப்படி முடியாது. காங்கிரீட்டுக்குள் இறங்கிய தண்ணீர் நேராகக் கீழே வருவதில்லை. மின்கம்பிக்காகத் தளத்துக்குள் புதைத்த குழாய் கிடைத்தால் அதன் வழியாக ஓடி, மின்விசிறிப் பெட்டியில் சொட்டும். மேலே தென்மேற்கு மூலையில் புகுந்த தண்ணீர், கீழே நடுக்கடையில் ஜவுளிக்கட்டின் மேல் விழும். கொத்தனார் சொட்டிய இடத்துக்கு நேர் மேலே உடைத்துப் பூசுவார். அடுத்த மழையில் மறுபடி சொட்டும். அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. ஈரமும் காற்றும் சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில் அடிப்பக்கக் காரை பெயர்ந்து விழும். அந்தக் கட்டத்துக்கு வந்த தளத்தை எந்த நீர்த்தடுப்புப் பொருளும் காப்பாற்றாது.

இந்த நாட்டில் தட்டையான கூரை புதிதல்ல. மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் இன்றும் சொல்லும் பழைய மச்சு, மர உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, கோண வரிசையில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டியது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதற்கும் மேலே தட்டோடு. நீர் இறங்காமல் பார்த்துக்கொண்டது அந்த நடு அடுக்குதான். தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில் அந்தக் கலவை இன்னும் இருக்கிறது: 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றுச் சுண்ணாம்பு, மணலே இல்லாமல். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். ஒரு வாரமாவது தட்ட வேண்டும். கட்டை தளத்தில் பதியாமல் துள்ளித் திரும்பும் வரை வேலை முடியவில்லை என்று பொருள்.

அந்தத் தளம் தண்ணீரை முழுக்க மறுக்கவில்லை என்பதுதான் அதன் நுட்பம். மழையில் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், வெயிலில் விட்டுவிடும். மெல்லிய விரிசல் விழுந்தால், கரைந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அந்த விரிசலுக்குள்ளேயே மறுபடி படியும். மச்சு தன்னைத்தானே ஓரளவு அடைத்துக்கொள்ளும். மரமும் செங்கலும் சுண்ணாம்பும் ஒன்றோடொன்று இணங்கி அசைகிற கட்டுமானத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

கம்பி கட்டிய காங்கிரீட் வேறு குணம். ஒரு பாகை வெப்பம் ஏறினால் ஒரு மீட்டர் காங்கிரீட் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளும். கேட்கச் சிறிதுதான். 80 அடி நீளமுள்ள கடை வரிசை, விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையில் 30 பாகை சூடேறினால் ஏழு மில்லிமீட்டர் நீண்டு, இரவில் மறுபடி சுருங்குகிறது. தினமும் இதே கதை. வெயிலில் காய்ந்த தளத்தில் திடீரென்று கோடை மழை விழும்போது இந்தச் சுருக்கம் சில நிமிடங்களில் நடந்துவிடுகிறது. அசையாத பூச்சு எதுவாக இருந்தாலும், எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், இந்த இழுப்பில் பிளக்கும். சிமென்ட்டில் நீர்த்தடுப்புத் திரவம் கலந்து பூசிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ஆழமாக இருக்கிறது. அது தவறு என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீரைத் தடுப்பது சுலபம், ஒரு பாலிதீன் தாளே அதைச் செய்யும். இருபது வருடம் வெயிலையும் அசைவையும் தாங்கிக்கொண்டு தடுப்பதுதான் கடினம். மெம்ப்ரேன் என்று தனியாக ஒரு நீர்த்தடுப்பு அடுக்கு தேவைப்பட்டது அதற்காகத்தான்.

தமிழ்நாட்டில் பரவலாக விற்கும் மெம்ப்ரேன் ஏ.பி.பி. எனப்படும் தார் சுருள். ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம், மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் தடிமன். இதன் பிறப்பில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1954இல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா பாலிபுரோப்பிலின் பிளாஸ்டிக்கை உருவாக்கினார். 1963இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிய வகை, உறுதியான பிளாஸ்டிக்காகப் பயன்பட்டது. ஒழுங்கில்லாமல் அமைந்த ஒட்டும் பிசுக்கு ஒன்று கழிவாக மிஞ்சியது, அதுதான் ஏ.பி.பி. அதைத் தாரோடு கலந்து பார்த்தபோது, வெயிலில் உருகி வழியும் தார் திடீரென்று நிலைகொண்டது. சாதாரணத் தார் இளகும் வெப்பத்தைவிட மிக உயரத்தில், 150 பாகையை ஒட்டித்தான் இந்தக் கலவை இளகுகிறது. 1960களில் இத்தாலியர்கள் அதைச் சுருளாக்கினார்கள்.

இதன் உடன்பிறப்பு எஸ்.பி.எஸ். வகை, ரப்பர் கலந்த தார். கடுங்குளிரிலும் வளையும் என்பதால் வட ஐரோப்பாவில் அதற்கு மதிப்பு. கடையத்தில் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை, வெயில்தான் பிரச்சினை. அதனால் இங்கே ஏ.பி.பி.க்கே என் ஓட்டு. சுருளுக்கு நடுவில் உயிர்நாடியாக ஒரு துணி இருக்கும். கண்ணாடி இழைத் துணி விலை குறைவு, ஆனால் இழுத்தால் கிழியும். பாலியெஸ்டர் துணி இழுப்புக்கு ஈடுகொடுக்கும். கடைக்காரர் மில்லிமீட்டரை மட்டும் சொல்வார். உள்ளே என்ன துணி என்று நீங்கள் கேட்க வேண்டும்.

சுருளை ஒட்டுவது நெருப்பால். காங்கிரீட்டைச் சுத்தம் செய்து தார் பிரைமர் அடித்து, காய்ந்ததும் சுருளின் அடிப்பக்கத்தை எரிவாயு டார்ச்சால் உருக்கிக்கொண்டே உருட்டுவார்கள். பக்கவாட்டில் நான்கு அங்குலம், முனையில் ஆறு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். இணைப்பு விளிம்பில் உருகிய தார் ஒரு மணிக்கோடு போலத் தொடர்ச்சியாகப் பிதுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் இணைப்பு பிடித்திருக்கிறது. அங்கங்கே விட்டுப்போயிருந்தால் அந்த இடம் சூடு காணவில்லை. இந்த ஒரு அடையாளத்தைத் தெரிந்துகொண்டாலே உரிமையாளர் வேலையைச் சரிபார்க்க முடியும்.

தாருக்கு ஒரு குறை உண்டு. கறுப்பு. விழும் வெயிலில் 95 விழுக்காட்டை விழுங்கும், நடுப்பகலில் 70 பாகைக்கும் மேல் கொதிக்கும். கீழே உள்ள கடையில் ஏ.சி. திணறும். தாரின் எண்ணெய்ப்பசையும் வெயிலில் வற்றி, மேல்பகுதி வெடிக்கும். ஆகவே கறுப்புச் சுருளை வெயிலில் திறந்து போடுவது சரியல்ல. அலுமினியத் தாளோ கல்துகளோ மேலே ஒட்டிய சுருள் உண்டு. அதைவிட நல்லது, சுருளை மூடிவிடுவது.

திரவமாகப் பூசும் பி.யு. கோட்டிங், அதாவது பாலியூரித்தேன், இரண்டாவது வழி. இதில் இணைப்பே இல்லை. தண்ணீர்த் தொட்டியின் கால்கள், ஏ.சி. தாங்கிகள், விளம்பரப் பலகைக் கம்பங்கள் என்று தட்டட்டி முழுக்க முளைத்திருக்கும் பழைய கட்டடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. சுருளை ஒவ்வொரு காலைச் சுற்றியும் வெட்டி ஒட்ட வேண்டும், திரவம் தானாகச் சுற்றிக்கொள்ளும். ரப்பர் போல மூன்று மடங்குக்கும் மேல் நீளும். ஆனால் சுருளின் தடிமனை ஆலை தீர்மானிக்கிறது, கோட்டிங்கின் தடிமனைத் தீர்மானிப்பது தூரிகை பிடித்தவரின் கை. காய்ந்த பிறகு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை, இடையில் கண்ணாடி இழை வலை வைத்துப் பூசினால்தான் அது வரும். எத்தனை வாளி வந்தது, எத்தனை காலியானது என்று எண்ணிக்கொள்வதே நம்பகமான கணக்கு. மேல்பூச்சு வெயில் தாங்கும் வகையாக, வெள்ளையாக இருக்க வேண்டும். சாதாரண பி.யு. வெயிலில் பழுத்து மாவு பூக்கும்.

விலை குறைவு என்று பலரும் வாங்கும் அக்ரிலிக் வெள்ளைப் பூச்சு சூட்டை நன்றாகக் குறைக்கும். ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்தில் ஊறி இளகும். சாரல் மாதங்களில் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும் தளத்தில் அதை மட்டும் நம்புவதற்கில்லை.

அமெரிக்காவில் பெரிய வணிகக் கூரைகளில் வேறு மூன்று பெயர்கள் அடிபடும். இ.பி.டி.எம். என்பது கறுப்பு ரப்பர் விரிப்பு, 1960களிலிருந்து இருக்கிறது. பி.வி.சி.யும், 1990களில் பரவிய டி.பி.ஓ.வும் வெள்ளை விரிப்புகள். இணைப்புகளைச் சூடான காற்றால் உருக்கி இரண்டு விரிப்பையும் ஒன்றாக்கிவிடுவார்கள். ஆலை, குளிர்பதனக் கிடங்கு போன்ற பெரிய இரும்புத் தகட்டுக் கூரைகளுக்கு டி.பி.ஓ. அருமையானது. பழைய தார் இருக்கும் தளத்தின் மேல் பி.வி.சி.யை நேரடியாக விரிக்கக் கூடாது, தார் பட்டால் பி.வி.சி. விறைத்துக் கெடும்.

இந்த விரிப்புகளில் சிலவற்றை ஒட்டாமல் வெறுமனே பரப்பி, மேலே கூழாங்கல்லைப் பாரமாகக் கொட்டும் வழக்கம் வெளிநாடுகளில் உண்டு. கடையத்தில் அது ஆபத்து. சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று நம் தட்டட்டி மேலும்தான் போகிறது. காற்று கூரையை அழுத்துவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. கைப்பிடிச் சுவர் ஓரத்திலும் மூலைகளிலும் அந்த உறிஞ்சல் மிக அதிகம். நமக்கு இரு பக்கமும் உள்ள மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இந்தியத் தர விதி வகுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 90 கிலோவுக்கு மேல் விசை பிறக்கும். ஒரு சதுர மீட்டர் தார் சுருளின் எடை ஐந்து கிலோ. முழுக்க உருக்கி ஒட்டுவது ஏன் என்று இனி விளக்க வேண்டியதில்லை.

ஆனால் முழுக்க ஒட்டுவதில் ஒரு சிக்கலும் உண்டு. அடியில் விரிசல் திறந்தால், அந்த நூல் அகலத்துக்கு மேலே உள்ள சுருள் மட்டும் மொத்த இழுப்பையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ரப்பர் பாண்டை அரை அங்குலம் மட்டும் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும், நீளமாகப் பிடித்து அதே அளவு இழுத்தால் ஒன்றும் ஆகாது. அதனால் தெரிந்த விரிசல்கள் மேலும், கட்டடத்தின் இரு பகுதிகள் சேரும் இணைப்பின் மேலும் ஒரு சாண் அகலத்துக்குச் சுருள் ஒட்டாதபடி ஒரு பட்டை வைத்துவிட்டு, அதன் பிறகு சுருளை விரிக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வேலைகளில் இதை யாரும் செய்வதில்லை.

எந்த மெம்ப்ரேனைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன்னால் வாட்டம். நூறு அடிக்கு ஒரு அடியாவது சரிய வேண்டும். தண்ணீர் ஓடிவிட்டால் சுமாரான மெம்ப்ரேனும் பிழைக்கும், தேங்கினால் விலையுயர்ந்ததும் சீக்கிரம் போகும். ஓடிய தண்ணீர் வெளியேறக் குழாய் வேண்டும். 3,000 சதுர அடித் தட்டட்டியில் மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 28,000 லிட்டர் வரும். அந்த மழைக்கு ஒரு நான்கு அங்குலக் குழாய் சுமார் 40 சதுர மீட்டருக்குத்தான் தாங்கும் என்று தேசியக் கட்டட நெறித்தொகுப்பின் அட்டவணை சொல்கிறது. அப்படியானால் ஏழு குழாய் தேவை. கடைத்தெருக் கட்டடங்களில் இரண்டு இருந்தால் அதிகம். மீதியை முகப்பு அழகு கெடும் என்று ஒதுக்கியிருப்பார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை இந்தத் தென்மாவட்டங்கள் மறந்திருக்காது. அப்படிப்பட்ட நாளில் குழாய் போதாத தட்டட்டி குளமாகும். அந்த எடையைத் தளம் சுமக்க வேண்டும்.

அடுத்தது ஓரங்கள். தட்டட்டியின் நடுவில் ஒழுகுவது அபூர்வம். சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் வாய், கம்பத்தின் கால் ஆகிய இடங்களில்தான் தண்ணீர் புகுகிறது. மூலையில் சுருளைச் செங்கோணமாக மடித்தால் மடிப்பு வெடிக்கும். முதலில் அங்கே இரண்டு அங்குலத்துக்குச் சாய்வாகக் காரை பூச வேண்டும். பிறகு சுருளைச் சுவரில் ஏற்ற வேண்டும். தட்டோடு பதித்து முடித்த மட்டத்துக்கு மேலே ஆறு அங்குலமாவது ஏற வேண்டும். ஏறிய முனையைச் சுவரில் வெட்டிய காடிக்குள் செருகி அடைக்க வேண்டும். வெறுமனே சுவரில் ஒட்டி நிறுத்தினால், பக்கவாட்டில் அடிக்கும் சாரல் அந்த முனைக்குப் பின்னால் இறங்கிவிடும். அடைமழை மட்டும் உள்ள ஊரில் இந்தக் குறை வெளியே தெரியாமல் போகலாம். கடையத்தில் முதல் ஆனியிலேயே சுவர் ஓதம் காத்துவிடும்.

வேலைக்கு நாள் குறிப்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். சாரல் காலத்தில் காங்கிரீட் மேலே காய்ந்தது போலத் தோன்றும், உள்ளே ஈரம் இருக்கும். அதன் மேல் சுருளை ஒட்டிவிட்டால், வெயில் வந்ததும் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் சுருளைக் கொப்பளிக்க வைக்கும். கொப்புளத்தை மிதித்தால் கிழியும். ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தளத்தில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் நீர் பூத்திருந்தாலோ காங்கிரீட் கறுத்திருந்தாலோ காத்திருக்க வேண்டும். மாசி, பங்குனிதான் இந்த வேலைக்கு உரிய மாதங்கள். கட்டடத் திறப்பு விழா ஆவணியில் என்று நாள் குறித்துவிட்டு ஆடியில் டார்ச் பிடிப்பதைவிட, தற்காலிகமாகத் தார்ப்பாய் விரித்துவிட்டு அடுத்த மாசிவரை பொறுப்பது மேல்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? புதிதாகக் காங்கிரீட் போட்ட கடைக் கட்டடம் என்றால், வாட்டக் காரையின் மேல் நான்கு மில்லிமீட்டர் பாலியெஸ்டர் ஏ.பி.பி. சுருளை முழுக்க ஒட்டி, அதன் மேல் ஒரு பிரிப்புத் துணி விரித்து, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும் வெள்ளைத் தட்டோடும் போடச் சொல்வேன். வெயில் சுருளைத் தொடாது, வடகம் காயப்போட ஏறுகிறவர் காலும் தொடாது, கீழே சூடும் இறங்காது. நம் ஆட்களுக்குக் கைவந்த வேலையும் இதுதான். இதில் உள்ள ஒரே பெரிய குறை, பின்னால் ஒழுகினால் இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம் என்பது. அதனால் மூடுவதற்கு முன்னால் குழாய் வாய்களை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுப் பார்க்காமல் ஒரு தட்டோடும் பதிக்க விடாதீர்கள்.

ஏற்கெனவே ஜல்லித் தளம் போட்ட பழைய கட்டடம் என்றால் கணக்கு மாறும். மூன்று அங்குல ஜல்லித் தளம் சதுர மீட்டருக்கு 130 கிலோவுக்கு மேல் எடை. ஒழுகுகிறது என்று அதன் மேலேயே இன்னொரு தளம் போடுவது கட்டடத்துக்குச் செய்யும் துரோகம். ஊறிப்போன பழைய தளத்தைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். பெயர்க்க முடியாதபடி தொட்டியும் கம்பங்களும் நிறைந்திருந்தால், தளம் நன்றாகக் காய்ந்த பங்குனியில் வலை வைத்த பி.யு. கோட்டிங், வெள்ளை மேல்பூச்சோடு. ஏழெட்டு வருடத்தில் மறுபடி பூச வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உத்தரவாதத் தாளைக் கொடுக்கும்போது அது பொருளுக்கா, வேலைக்கா, இரண்டுக்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தட்டட்டியை வாடகைக்கு விடும்போதும் நிபந்தனை வேண்டும். சோலார் பலகை, அலைபேசிக் கோபுரம், விளம்பரத் தட்டி எதுவானாலும் தளத்தில் துளையிட்டு போல்ட் அடிக்காமல் காங்கிரீட் பீடத்தின் மேல் நிற்க வேண்டும், அந்தப் பீடத்தின் எடைக்குப் பொறியாளர் ஒப்புதல் வேண்டும்.

ஆனிக்கு முன் ஒரு முறை, ஐப்பசிக்கு முன் ஒரு முறை குழாய் வாய்களில் சேர்ந்த சருகை அள்ளிவிட வேண்டும். சுருள் ஒட்டும்போது எடுத்த புகைப்படங்களையும், இணைப்புகளும் குழாய்களும் எங்கெங்கே என்று குறித்த ஒரு வரைபடத்தையும் கட்டடப் பத்திரத்தோடு வைத்திருங்கள். மிச்சமான சுருளில் இரண்டு மீட்டரை நிழலில், செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். என்றைக்காவது ஒரு கிழிசலை ஒட்ட நேர்ந்தால் அதே பொருள்தான் நன்றாகப் பிடிக்கும். ஒட்டுத்துண்டு கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஆறு அங்குலம் இருக்க வேண்டும், அதன் மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும்.